டார்லீன் வீட்டுக் கேதம்

இங்ஙன உக்காரும்மா. அந்தப் பக்கம் வேண்டாம், வெயில் மூஞ்சியில அடிக்கும். நீ போன்ல பேசிக்கிட்டு ஏறினது காதுல விழுந்தது. "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னே. அம்மாதானே? நெனச்சேன். நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே, மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தா, பையில ரெண்டு முறுக்கு கெடக்கு. சும்மா வாங்கிக்கோ. டிரைவரு ஒண்ணும் சொல்ல மாட்டான், கீழ சிந்தாம தின்னா போதும்.

எங்க எறங்கணும்? யுனிவர்சிட்டியா. அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு, நான் சொல்லுதேன். ஜன்னல் ஓரமா மஞ்சக் கயிறு ஓடுது பாத்தியா, அத இழுத்தா நிப்பாட்டுவான். மொதல்ல எனக்கு அது தெரியாது. எறங்கணும், எறங்கணும்னு தமிழ்லயே கத்தியிருக்கேன்.

எனக்கு ஊரு கோயில்பட்டி. பேரு சண்முகவடிவு. இந்த ஓமாஹாவுல மகன் வீட்டுல இருக்கேன். எங்க வீட்டுக்காரக தவறி மூணு வருசம் ஆகுது. கடையில உக்காந்திருக்கும்போதே போயிட்டாக. பெறகு மகன் வந்து வீட்டப் பூட்டி, என்னையக் கூட்டிட்டு வந்துட்டான். ஆவுடையப்பன்னு பேரு, ஆபீசுல என்னவோ சுருக்கிக் கூப்பிடுதாங்களாம். மருமக பொற்கொடி, அவளுக்கும் வேல. பேத்திக்குப் பள்ளிக்கூடம். காலைல மூணு பேரும் ரெண்டு கார்ல போயிட்டா வீட்டுல நானும் அந்த ஃப்ரிட்ஜும்தான். அதாச்சும் அப்பப்ப ஒரு சத்தம் குடுக்கும்.

கொறையாச் சொல்லலம்மா. நல்லாத்தான் வச்சிருக்காங்க. எனக்கு சந்தோசம்னும் இல்ல, வருத்தம்னும் இல்ல. பல்லு புடுங்க ஊசி போட்டா உதடு ஒரு பக்கமா மரத்துக் கெடக்கும்லா, கடிச்சாலும் தெரியாது. மூணு வருசமா அப்படித்தான் கெடக்கு.

நான் எங்க போறேன்னு கேக்கியா? எங்கயும் போகல. வியாழக்கிழம ஆனா இந்த பஸ்ஸுல ஏறுவேன். கடைசி வரைக்கும் போவேன், அதுலயே திரும்பி வருவேன். இந்த டிரைவருக்குத் தெரியும். என்னையப் பாத்தா பஸ்ஸ ஒரு பக்கமாக் குனிய வச்சு ஏத்திக்கிடுவான். ஏன் வியாழக்கிழமன்னா, அது டார்லீனோட நாளு. எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுக்காரி. சொல்லுதேன் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, யாரு மேல தப்புன்னு.

நான் வந்த புதுசுல ஒரு நா, இந்தத் தெரு எங்க போயி முடியுதுன்னு பாப்போமேன்னு நடந்தேன். நடக்க எடமே இல்ல இங்க. கொஞ்ச தூரம் சிமெண்டு போட்டிருக்கான், பெறகு புல்லு, பெறகு ஒண்ணுமே இல்ல, ரோட்டு மேலதான் நடக்கணும். ஒரு மனுச மக்க வெளிய கெடையாது. போற காரெல்லாம் கொஞ்சம் நின்னு என்னையப் பாத்துட்டுப் போகுது. இந்த ஊருல ஒருத்தி நடந்து போனா அவளுக்கு என்னவோ ஆயிட்டுன்னு அர்த்தம் போல. நாலு திருப்பம் திரும்பினேன். எல்லா வீடும் ஒண்ணு போலதான் இருக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே சாம்பக் கூரை. என் வீடு எதுன்னு தெரியல.

அந்நேரம்தான் ஒரு பழைய நீலக் காரு வந்து பக்கத்துல நின்னது. ஓட்டி வந்தவ ஆளு நல்ல தாட்டிகம். வயசு என் வயசுதான் இருக்கும். "ஏறு"ன்னு கையக் காட்டினா. யாரு என்னன்னு யோசிக்காம ஏறிட்டேன். அவளுக்கு என்னையத் தெரிஞ்சிருக்கு, எதுத்த வீட்டுலருந்து பாத்திருக்கா. ரொம்ப வருசம் ஸ்கூல் பஸ்ஸு ஓட்டினவளாம், முட்டி வலின்னு விட்டுட்டாளாம். வழி தெரியாம நிக்கவங்கள ஏத்திக்கிட்டு வீட்டுல விடுதது அவளுக்குப் பழக்கம்.

பேரு கேட்டா. வடிவுன்னேன். அவ வாயில நுழையல. "வாடி"ன்னா. எங்க அக்கா போன பெறகு என்னைய வாடின்னு கூப்பிட ஆளில்ல. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

அவ வீட்டுக்காரருக்கு ராய்னு பேரு. மூச்சுக் கோளாறு. மூக்குல ட்யூபு மாட்டி எந்நேரமும் நாற்காலியிலயே கெடப்பாரு. வியாழக்கிழம ஒரு நர்சுப் பொண்ணு வந்து அவரப் பாத்துக்கிடும். வாரத்துல அந்த ஒரு நாதான் டார்லீன் வெளிய போக முடியும். இருந்திருந்து கெடைக்க அந்த ஒரு நாள்ல என்னையும் ஏத்திக்கிட்டா. நான் கேக்கலம்மா, அவளாத்தான் கூப்பிட்டா. ஒரு வருசத்துக்கு மேல, ஒரு வியாழக்கிழம தவறினது கெடையாது.

மொதல்ல பலசரக்குக் கட. பெறகு லைப்ரரி. அவ புத்தகம் மாத்துவா, உள்ள கதகதன்னு இருக்கும், நான் உக்காந்திருப்பேன். மாசத்துல ஒரு தடவ, ஊருக்கு அந்தக் கோடியில இருக்க நம்மாளு கடைக்கு. அங்க முருங்கக்காய எடுத்து மோந்து பாத்துட்டு, இத எப்படித் திங்கணும்னு கடிக்க மாதிரி காட்டிக் கேட்டா. நான் சவைச்சுத் துப்புத மாதிரி காட்டினேன். கடைக்காரன் முன்னாலயே விழுந்து விழுந்து சிரிச்சா.

கடைசியா ஒரு காபிக் கட. காருல இருந்தபடியே ஜன்னல் வழியா வாங்கிக்கிடலாம். வாங்கி, ஓரமா நிப்பாட்டிட்டுக் குடிப்போம். அங்ஙன வச்சுத்தான் பேச்சு. அவ இங்கிலீஷ்ல பேசுவா, நான் தமிழ்ல பேசுவேன். அவ ராய ஏசுவா. ஏசுதான்னு எப்படித் தெரியும்னா, புருசன ஏசுத மொகம் எல்லா ஊருலயும் ஒண்ணுதான். நானும் எங்க வீட்டுக்காரகள ஏசுவேன். டிவிஎஸ் பிஃப்டியில என்னைய ஏத்தி வச்சுக்கிட்டு, நான் எறங்கினது தெரியாம வீடு வரைக்கும் தனியாப் போன கதையெல்லாம் சொல்லுவேன். அவ தலைய ஆட்டுவா. ஒரு தடவ என் வெரலக் காட்டி, மோதிரம் எங்க, வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டா. நான் மேல கையக் காட்டினேன். அவ காபிய வச்சிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டா. காபி ஆறிப் போற வரைக்கும் விடல.

அந்த ராயும் நல்ல மனுசன். நான் நேருல பாத்தது கொஞ்சம்தான். சளிக்கு நல்லதுன்னு ஒரு தடவ மொளகு ரசம் வச்சு ஒரு பாட்டில்ல குடுத்துவிட்டேன். கண்ணுல தண்ணி வர வரக் குடிச்சாராம். மறுவாரம் பாட்டில் கழுவி வந்தது, உள்ள நாலு மிட்டாயி. பாத்திரத்த வெறுமனத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு பாருன்னு பொற்கொடிகிட்ட சொன்னேன். அதுலருந்து வியாழக்கிழமன்னா ரசம்.

இது ஆஸ்பத்திரி ஸ்டாப்பும்மா. ஒனக்கு இல்ல, உக்காரு.

போன பிப்ரவரியில ராய் போயிட்டாரு. விடியக்காலம் ஆம்புலன்சு வந்து நின்னது, சத்தம் போடாம. சத்தம் போடாம நின்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் கோட்ட மாட்டிட்டேன். மகன் விடல. "அம்மா, இப்பப் போகக் கூடாது. சனிக்கிழம ப்ரேயர் வச்சிருக்காங்க, அதுக்கப்புறம் வீட்டுல எல்லாரும் கூடுவாங்க. அப்ப போகலாம். ஒரு கார்டு வாங்கித் தாரேன்"ங்கான். கேதத்துக்கு நாள் குறிச்சா போவாக? கார்டு குடுக்கதுக்கு அது என்ன பொறந்த நாளா? சரின்னு இருந்தேன். சனிக்கிழம பாத்தா பேத்திக்கு நீச்சல் போட்டியாம். "அடுத்த வாரம் சேந்து போவோம்மா"ன்னுட்டுக் கெளம்பிட்டாங்க.

நான் ஒத்தையிலயே ரோட்டக் கடந்து போனேன். வாசல் நெறைய காரு. உள்ள போனா, ஒடம்பு அங்க இல்ல. வீட்டுக்கே கொண்டு வர மாட்டாங்களாம். டிவியில அவரு போட்டோ மாறி மாறி வருது, மீன் புடிச்சுக்கிட்டு ஒண்ணு, தொப்பி போட்டுக்கிட்டு ஒண்ணு. மேச நெறைய கறியும் கேக்கும். ஒரு மூலையில நாலு பேரு நின்னு சிரிச்சுப் பேசுதாங்க. எழவு வீட்டுல அடுப்புப் பத்த வைப்பாகளா? சோறாக்கிக் கொண்டு போவோமான்னு நான் நெனச்சது, அந்த மேசையப் பாத்ததும் விட்டுப்போச்சு. சரி, அவுகவுக பாடு.

டார்லீன் நீலச் சட்ட போட்டு, உதட்டுல சாயம் பூசி நிக்கா. என்னையப் பாத்து சிரிச்சா. அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியலம்மா. நேராப் போயி ரெண்டு கையையும் புடிச்சேன். கட்டிப் புடிச்சு அழுதேன். சும்மா இல்ல, ஓன்னு. ஒன் ராசா போயிட்டாரே, ஒன்னைய ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாரேன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். தின்னுக்கிட்டிருந்தவன் தட்ட அப்படியே ஏந்திக்கிட்டு நிக்கான்.

எங்க வீட்டுக்காரக போனப்ப எனக்குக் கண்ணீர் வரல, கேட்டியா. ஒரு சொட்டு வரல. எங்க நாத்தனா அத ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சா. எனக்கே என் மேல ஒரு மாதிரி இருந்தது. அது இத்தன வருசம் கழிச்சு இந்த வெள்ளக்காரி வீட்டுல வந்து வருது. மொதல்ல அவ வெறைச்சுப் போயி நின்னா. பெறகு அவளும் உடைஞ்சுட்டா. அம்புட்டுப் பெரிய ஒடம்பு என் தோள்ல சாஞ்சு குலுங்குது. உதட்டுச் சாயமெல்லாம் என் சீலையில. ரொம்ப நேரம் அப்படியே நின்னோம்.

பெறகு என்னைய உக்கார வச்சா. ஒரு தட்டுல கேக்கு கொண்டு வந்தா. அவளே சுட்டது போல, டிவியில ராயக் காட்டிக் காட்டிச் சொல்லுதா, அவருக்குப் புடிச்சதுன்னு. கேத வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கலாமா? தட்டத் தள்ளி வச்சேன். தண்ணி குடுத்தா, அதையும் தள்ளிட்டேன். எந்திரிச்சேன். போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது, ஒனக்குத் தெரியும்லா. எழவு வீட்டுக்குத் திரும்பி வாரேன்னு எவளாவது சொல்லுவாளா? பேசாம எறங்கிட்டேன். அவ வாசல் வரைக்கும் பின்னாலயே வந்தா. "வாடி, வாடி"ன்னு கூப்பிடுதா. நான் திரும்பல. ரோட்டுல பனி கெடக்கு, காலு வழுக்குது, ஆனாலும் நிக்கல. வீட்டுக்கு வந்து பின்பக்கமா உள்ள போயி, கட்டின சீலையோட தலைக்கு ஊத்தினேன். எல்லாம் மொறையாத்தான் செஞ்சேன். அமெரிக்காதானேன்னு ஒண்ணக் கூட விடல.

மறுநாளே, இவங்க மூணு பேரும் கடைக்குப் போயிருந்த நேரம், அவ எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கா. பதினாறு கழியாம இன்னொருத்தர் வீட்டுப் படி மிதிக்கலாமா? அவளுக்குச் சொல்லிக் குடுக்கதுக்கு ஆளில்ல போல. நான் கதவத் தொறக்கல. ஜன்னல் துணிய லேசா விலக்கிப் பாத்தேன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தப் படியில வச்சா. கொஞ்ச நேரம் நின்னா. ஜன்னல நிமிந்து பாத்துட்டுப் போயிட்டா.

அந்தக் கேக்குதான். பெரிய துண்டா வெட்டி, மேல தாளு சுத்தி வச்சிருந்தா. எழவு வீட்டுப் பண்டத்த உள்ள ஏத்தலாமா? சின்னப் புள்ள இருக்க வீடு. கையில ஒரு பிளாஸ்டிக் பையச் சுத்திக்கிட்டு, பாத்திரத்தோட தூக்கிக்கிட்டுப் போயி ரோட்டோரக் குப்பத் தொட்டியில போட்டேன். நல்ல பாத்திரம். மனசில்லாமத்தான் போட்டேன். நிமிந்து பாக்கேன், எதுத்தாப்புல அவளும் தொட்டியத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கா. மறுநாள் குப்ப வண்டி வார நாளு. என் தொட்டி மூடி சரியா மூடல, கண்ணாடி வெளிய தெரியுது. அத அவ பாத்துக்கிட்டே நின்னா. சிரிச்சுப் பேசுத நேரமா அது, நான் தலையக் குனிஞ்சு உள்ள வந்துட்டேன்.

அந்த வியாழக்கிழம அவ வரல. வர மாட்டா, அதுதான் மொற. அடுத்த வாரமும் வரல. பதினாறு கழியட்டும்னு இருந்தேன். கழிஞ்சது. வியாழக்கிழம காலைல கோட்டு, ஷூ, குல்லா எல்லாம் மாட்டிக்கிட்டு வாசலுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தேன். அவ காரு வெளிய வந்தது. வந்தது, நேராப் போயிட்டு. எங்க வீட்டுப் பக்கம் திரும்பக் கூட இல்ல. ஏதாச்சும் அவசர சோலியா இருக்கும்னு உக்காந்திருந்தேன். சாயங்காலம் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "ஆச்சி, எங்க போறீங்க?"ன்னு கேட்டப்பத்தான் கோட்டக் கழத்தினேன். அதுக்கடுத்த வாரமும் அப்படித்தான்.

என்ன சொல்லுத? அவளுக்கு நம்ம மொற தெரியாதுங்கியா? துக்கத்துக்கு என்னம்மா மொற தெரியணும். துக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. அவளக் கட்டிப் புடிச்சு அழுதது நான் ஒருத்திதான். கறியத் தின்னுட்டு நின்னானே அத்தன பேரு, ஒருத்தனாவது அழுதானா? அது அவளுக்குத் தெரியாதா? கோவம்னா கோவம்னு வாயத் தொறந்து சொல்லணும்லா. ஒரு வார்த்த. சொல்லாம கொள்ளாம மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனா நான் என்னன்னு நெனைக்கது? பழகின மனுசிக்கு அப்படிச் செய்யலாமா? அதான் எனக்கு ஆறல.

மகன்கிட்ட சொன்னேன். "அவங்க துக்கத்துல இருக்காங்கம்மா, விடுங்க"ன்னான். கேக்க குப்பையில போட்டத அவன்கிட்ட சொன்னீங்களான்னு கேக்கியா? அத எதுக்குச் சொல்லணும்? அதுல என்ன இருக்கு?

பெறகுதான் இந்த பஸ்ஸு. ஒரு வியாழக்கிழம வீட்டுல உக்கார முடியல. பெரிய ரோட்டுல ஒரு கம்பம் நட்டு பஸ்ஸு படம் போட்டிருப்பான், காருல போகும்போது பாத்திருக்கேன். அங்க போயி நின்னேன். நம்ம ஊரு ஞாபகத்துல எதுத்த பக்கத்துல நின்னுட்டேன். இங்க எல்லாம் தலகீழால்ல ஓடுது. வந்த பஸ்ஸுக்குக் கைய நீட்டினேன், ஏத்திக்கிட்டான். அது டவுனுக்குப் போகும்னு பாத்தா வீடெல்லாம் முடிஞ்சு, கடையெல்லாம் முடிஞ்சு, ஒரு பெரிய பொட்டல்ல போயி நின்னது. "இதான் கடைசி"ன்னான். நான் எறங்கல. அவனும் எறக்கி விடல. ரொட்டிய எடுத்து அவன் பாட்டுக்குத் தின்னான், நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தின்னு முடிச்சுட்டு வண்டியத் திருப்பினான். ஏறின எடத்துக்கு எதுத்தாப்புல எறக்கி விட்டான். எனக்கு பயமே வரல. பயம் வரணும்லா? பாஷ தெரியாது, ஊரு தெரியாது. வரல.

அதுலருந்து வியாழக்கிழம வியாழக்கிழம பஸ்ஸு. மகனுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லல, பாஸ் வாங்கிக் குடுத்துட்டான். ஏறுவேன், உக்காருவேன். யாரும் யாருகிட்டயும் பேச மாட்டாங்க இதுல. எல்லாரும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு வருவாங்க. காபிக் கட வரும், போகும். லைப்ரரி வரும், போகும். எங்கயும் எறங்கத் தோணினதில்ல.

ஒரு தடவ சிக்னல்ல பஸ்ஸு நிக்கி, பக்கத்துல அந்த நீலக் காரு. மேலருந்து பாக்கேன், நல்லாத் தெரியுது. டார்லீன்தான். பக்கத்து சீட்டுல, நான் உக்காருத சீட்டுல, அவ பையி கெடக்கு. கப்பு வைக்கத எடத்துல காபி ஒண்ணே ஒண்ணு. அவ மெலிஞ்சு போயிருந்தா. என்னமோ தோணி மேல பாத்தா. பாத்துட்டா. ஸ்டியரிங்லருந்து ரெண்டு வெரலத் தூக்கினா. நான் கையத் தூக்கவா வேண்டாமான்னு யோசிக்கதுக்குள்ள பச்ச விழுந்துட்டு. அவ திரும்பிட்டா, பஸ்ஸு நேராப் போயிட்டு. அதுக்குப் பெறகு அவள ரோட்டுல பாக்கல.

இந்தா, இதான் ஒன் யுனிவர்சிட்டி. எறங்கலயா? ஏன்? சரி, இருந்தா இரு. திரும்பி வரும்போது எறங்கிக்கிடலாம். கதையும் அந்தா இந்தான்னு முடியப் போகுது.

போன மாசம் அவ வீட்டு முன்னால பலகை நட்டாங்க. வீடு விலைக்காம். மக அரிசோனாவுல இருக்காளாம், அவகூடப் போயி இருக்கப் போறாளாம். பொற்கொடிதான் சொன்னா. சொல்லிட்டு என் மொகத்தையே பாத்தா. எனக்கு ஒண்ணும் தோணல. சரின்னேன். அன்னைக்கு ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன், அம்புட்டுதான்.

அவ போற அன்னைக்குக் காலைல வீட்டுல நான் மட்டும்தான். மாடி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். லாரியில சாமான் ஏத்தினாங்க. ராய் உக்காருத நாற்காலிய மட்டும் ஏத்தல, ரோட்டோரமா வச்சிட்டாங்க, யாரும் வேணும்னா எடுத்துக்கிடலாம்னு. லாரி போயிட்டு. அவ மக நீலக் காருல ஏறி ஸ்டார்ட் பண்ணிட்டு உக்காந்திருக்கா. டார்லீன் ஏறல. வீட்ட ஒரு தரம் சுத்திப் பாத்தா. பெறகு ரோட்டக் கடந்து எங்க வீட்டுக்கு வாரா. முட்டி வலியில ஆடி ஆடி வாரா.

நான் கீழ எறங்கி வந்துட்டேன். எப்படி அம்புட்டு வெரசா எறங்கினேன்னு தெரியல. பெல்லு அடிக்கி. கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. எங்க கதவுக்கு நடுவுல சொரசொரன்னு ஒரு கண்ணாடி, ஆளு தெரியாது, நெறம் மட்டும் தெரியும். பச்சையா என்னவோ போட்டிருந்தா. "வாடி"ன்னா. சத்தமா இல்ல, நான் கதவுக்குப் பின்னாலதான் நிக்கேன்னு தெரிஞ்ச மாதிரி. தாப்பாள்ல கைய வச்சேன். வச்சுட்டு எடுத்துட்டேன்.

என்னம்மா அப்படிப் பாக்க? கோவமா எனக்கு? கோவம் இருந்தா தொறந்து நாலு கேள்வி கேட்டிருக்க மாட்டேனா? அவ பயணம் பொறப்பட்டு நிக்கா. ரெண்டு நா காருலயே போகணுமாம். அந்நேரம் பாத்து நான் முன்னால போயி நிக்கலாமா, தாலியறுத்தவ? மகன் ஆபீசுக்குப் பொறப்படும்போதே நான் அடுப்பங்கரைக்குள்ள போயிருவேன். பெத்த புள்ளைக்குப் பாக்கத இவளுக்குப் பாக்க மாட்டேனா? அவளும் இப்ப என்னைய மாதிரிதான், அது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முன்னால நானும் யோசிக்காமத்தான் இருந்தேன். வாராவாரம் அவ வண்டி எடுக்கும்போது எதுத்தாப்புல போயி நின்னேன், பக்கத்துலயே ஏறி உக்காந்தேன். ராய் போயிட்டாரு. இனிமே அவளுக்கு ஒண்ணு ஆகக் கூடாதுல்லா.

மறுபடியும் அடிச்சா. பெறகு கண்ணாடியில கைய வச்சா. அந்தக் கை மட்டும் அஞ்சு வெரலும் தெளிவாத் தெரிஞ்சது. நான் மூச்சு விடாம நின்னேன். நெஞ்சு வலிச்சது எனக்கு, பொய் சொல்லல, மரத்துப் போனதுன்னு நெனச்சேன்லா, வலிச்சது. அவ மக காருலருந்து என்னவோ கத்தினா. கைய எடுத்துட்டா. பச்ச நெறம் விலகிட்டு. காரு தெரு முக்குத் திரும்புத சத்தம் கேட்ட பெறகுதான் கதவத் தொறந்தேன்.

அழாதம்மா. நீ எதுக்கு அழுத? அவளுக்கு ஒண்ணும் ஆகல. தெருக்காரங்க எல்லாரும் போன்ல ஒரு குரூப்பு வச்சிருக்காங்க, அதுல போட்டோ போட்டிருந்தா, பொற்கொடி காட்டினா. மக வீட்டு முன்னால நிக்கா, பக்கத்துல ஒரு கள்ளிச்செடி. நல்லாப் போய்ச் சேந்துட்டாளாம். அத்தன தூரத்துல ஒரு டயரு கூடப் பஞ்சர் ஆகலயாம்.